ஃபிரீசரில் வைத்த சிடி நன்றாகப் பாடுமா?

ஒலி கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஹைஃபை செட்டின் ஒலியைக் கூட்டுவதாகச் சொல்லி வீட்டில் செய்து பார்க்கச் சொல்லும் விசித்திர வைத்தியங்கள்: கல், காகிதம், பச்சை மார்க்கர், ஃபிரீசர். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, நண்பர் சொன்னதைக் கேட்டு என் ஆம்ப்ளிஃபயரின் நான்கு கால்களில் ஒன்றுக்கு அடியில் மட்டும் சின்ன வெள்ளைக் காகிதத் துண்டு வைத்தேன். ஒரு சிடியை ராத்திரி முழுக்க ஃபிரீசரில் வைத்து எடுத்தும் போட்டுப் பார்த்தேன். வயலினும் குரலும் தனித்தனியாகப் பிரிந்து கேட்டன. என் மகன் சிரிக்கிறான். நான் கேட்டது பொய் இல்லை. இது எப்படி நடக்கிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் கேட்டது பொய் என்று நானும் சொல்ல மாட்டேன். மகனையும் சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் அந்தத் தெளிவு காகிதத்திலிருந்துதான் வந்ததா என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

இந்த வைத்தியத்துக்கு ஊரும் பேரும் உண்டு. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பீட்டர் பெல்ட் என்பவர் இருந்தார். ஹெட்ஃபோனும் ஸ்பீக்கரும் தயாரித்தவர். 1980களில் அங்கத்திய ஹைஃபை பத்திரிகைகளில் அவர் பெயர் அதிகம் அடிபட்டது. ஒரு காலுக்கு அடியில் காகிதம், ஃபிரீசரில் புகைப்படம், ஒயரில் முடிச்சு, சாமான்கள்மேல் ஒட்டும் வண்ணத் தகடு எல்லாம் அவர் வழியாகப் பரவியவை. அவர் கொடுத்த விளக்கத்தைக் கவனியுங்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மாறுகிறது என்று அவர் சொல்லவில்லை. நம்மைச் சுற்றியிருக்கும் பொருள்கள் நம் புலன்களை ஏதோ விதத்தில் இறுக்கத்தில் வைத்திருக்கின்றன, இந்தச் சின்ன மாற்றங்கள் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகின்றன, அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்றார். அப்படியானால் மீட்டர் வைத்து அளந்து மறுக்க முடியாது. சரி, அளக்க வேண்டாம். ஆனால் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா? காகிதம் இருப்பது தெரியாமலே உங்கள் காது அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அதற்கு முன்னால், காகிதம் வைத்தபோது வேறு என்னவெல்லாம் மாறியது என்று யோசியுங்கள். எழுந்து போனீர்கள், குனிந்தீர்கள், திரும்ப வந்து உட்கார்ந்தீர்கள். 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 செ.மீ.தான். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் உங்கள் காதருகே சேரும்போது, தலை நான்கு விரல் தள்ளியிருந்தாலே சில சுருதிகள் கூடும், சில குறையும். வயலினின் மினுமினுப்பு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆக, ஒலி நிஜமாகவே மாறியிருக்கலாம். உங்கள் தலை நகர்ந்ததற்குக் கிடைத்த பலன் காகிதத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டாவது, அதே பாட்டை உடனே மறுபடி கேட்கிறீர்கள், அதுவும் எதையோ தேடிக்கொண்டு கேட்கிறீர்கள். முதல் தடவை குரலோடு போன மனசு இரண்டாம் தடவை பின்னால் இருக்கும் தம்புராவைக் கவனிக்கிறது. தம்புரா முன்னேயும் அங்கேதான் இருந்தது.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. நாம் கேட்பது காதோடு முடிவதில்லை. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1976இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையில் ஒருவரின் உதடு ‘கா’ என்று அசைகிறது, ஒலிப்பதிவில் ‘பா’ ஓடுகிறது. பார்க்கிறவர்களில் மிகப் பலருக்குக் கேட்டது ‘டா’. கண்ணை மூடினால் ‘பா’, திறந்தால் மறுபடி ‘டா’. விஷயம் தெரிந்தவருக்கும் இப்படித்தான் கேட்கும். படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லை. கண் கொடுக்கும் தகவலையும் மனசில் இருக்கும் எதிர்பார்ப்பையும் சேர்த்துத்தான் மூளை ஒலியைக் கட்டுகிறது. காகிதம் வைத்தது நீங்களே என்பதால், அந்தத் தகவலும் கேட்பதில் கலந்துவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இப்போது சோதனை. மகனையே கூட்டாளியாக்குங்கள். நீங்கள் பக்கத்து அறைக்குப் போய்விட வேண்டும். அவர் காசு சுண்டி, தலை விழுந்தால் காகிதத்தை வைக்க வேண்டும், பூ விழுந்தால் எடுக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் கால் தெரியாதபடி முன்னால் ஒரு அட்டையை நிறுத்திவிட்டு அவர் வெளியே போன பிறகு நீங்கள் உள்ளே வாருங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. முகம் காட்டிக் கொடுத்துவிடும். வால்யூமை யாரும் தொடக் கூடாது. அதே நாற்காலி, அதே பாட்டு, அதே அரை நிமிடம். இருக்கிறதா இல்லையா என்று எழுதி வையுங்கள். 16 முறை செய்யுங்கள், ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் எனக்கு எழுதுங்கள். குருட்டாம்போக்கில் அப்படி வர வாய்ப்பு நூற்றுக்கு 4க்கும் குறைவு. அப்படி வந்தால் நான் கோவைக்கு வந்து உங்களோடு உட்கார்ந்து மறுபடி செய்து பார்ப்பேன். அது நிஜமாக இருந்தால் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

ஃபிரீசரை மட்டும் விட்டுவிடுங்கள். வெளியே எடுத்ததும் சிடிமேல் தண்ணீர் பூக்கும். அந்த ஈரத்தோடு பிளேயருக்குள் போட்டால் லென்ஸுக்குக் கேடு.

சிடியின் விளிம்பைச் சுற்றிப் பச்சை மார்க்கர் பூசினால் லேசர் ஒளி சிதறாது, ஒலி சுத்தமாகும் என்கிறார் கடைக்காரர். அதற்கென்றே ஒரு பேனாவும் விற்கிறார். வாங்கலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். இது 1990 வாக்கில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கொடிகட்டிப் பறந்த யோசனை. சிடியைப் படிக்கும் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு. நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் மை அந்த ஒளியை எப்படி நடத்தும் என்பதற்கு அந்தப் பச்சையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம், சிடி எப்படித் தவறுகிறது என்பது. தட்டில் இருப்பது எண்கள். கீறல், தூசி எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்தே பிழை திருத்தும் கணக்கையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். தடத்தின் நீளவாக்கில் ஏறக்குறைய 2.5 மி.மீ. தொடர்ந்து அழிந்திருந்தாலும் பிளேயர் விட்டுப்போன எண்களை அப்படியே மீட்டுவிடும். அதற்கு மேல் போனால் இடைப்பட்ட ஒலியை ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாவிட்டால் டிக் என்று கேட்கும், அல்லது ஒலி அறுந்துபோகும், அல்லது பாட்டு தாவும். ‘குரலில் கொஞ்சம் இனிமை குறைந்தது’ என்று சிடி ஒருபோதும் கெடாது. ஆகவே மார்க்கர் இனிமையைச் சேர்க்கிறது என்று யாராவது சொன்னால், பிளேயர் கெடும் விதத்தை அவர் கவனித்ததில்லை என்று அர்த்தம்.

தாவும் சிடிக்கு: சாதாரணத் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, மெத்தென்ற பருத்தித் துணி. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் 45,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர் கேபிள் வாங்கப் போகிறார். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே 3 மீட்டர்தான். நண்பர் வீட்டில் கேபிள் மாற்றியதும் ஒலி பளிச்சென்று ஆனதை நானும் கேட்டேன். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. ஸ்பீக்கர் ஜோடியே 38,000 ரூபாய்தான்.
– வாசகி, நாகப்பட்டினம்

அம்மா, உங்கள் மனசு சொல்வது சரி. கணக்கைச் சொல்கிறேன், வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.012 ஓம் தடை. போக 3 மீட்டர், வர 3 மீட்டர். மொத்தம் 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் ஒயரில் போகும் இழப்பு, ஒலியின் அளவைச் சொல்லும் டெசிபல் கணக்கில், ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாட்டு கேட்கும்போது ஒரு முழு டெசிபல் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே பலரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மெல்லிய காலிங் பெல் ஒயரைப் போட்டால் நிலைமை வேறு. அதில் தடை அரை ஓம் வரை போகும், 4 ஓம் ஸ்பீக்கரில் அது தெரியும். ஆக ஒயரின் தடிமனும் நீளமும் முக்கியம். அவற்றுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

2007இல் அமெரிக்காவில் ஒரு வாக்குவாதம் நடந்தது. மாயாஜாலக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண நல்ல கேபிளிலிருந்து, பார்க்காமல், காதால் மட்டும் பிரித்துச் சொன்னால் 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். பேச்சு நீண்டது, கடைசியில் சோதனை நடக்கவே இல்லை. எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் வெளியிட்ட சோதனை. 40 பேரை உட்கார வைத்து நான்கு ஸ்பீக்கர்களைக் கேட்கச் சொன்னார்கள். முதலில் கண்ணால் பார்த்துக்கொண்டு, அப்புறம் திரைக்குப் பின்னால் வைத்து. பார்த்தபோது பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. மறைத்ததும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஸ்பீக்கர்களுக்குள் நிஜமான வித்தியாசம் இருக்கும்போதே கண் இவ்வளவு குறுக்கிடுகிறது என்றால் கேபிளில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நண்பர் வீட்டில் நீங்கள் கேட்ட பளிச்சுக்கு வருகிறேன். உங்கள் ஊர் கடலோரம். உப்புக் காற்றில் ஸ்பீக்கர் டெர்மினலும், ஆடியோ ஒயரின் நுனியில் இருக்கும் ஆர்சிஏ பின்னும் கறுத்துப்போகும். என் மேசைக்கு வரும் கடலோர வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் பின்னைக் கழற்றிப் பார்த்தால் தேய்ந்த பித்தளைமேல் பச்சைப் பாசிபோல் களிம்பு படிந்திருக்கும். அதன் வழியாக ஒலி கரகரக்கும், ஒரு பக்கம் மங்கும். புதுக் கேபிள் மாட்டும்போது பழைய பின்னை உருவிப் புதியதைத் திருகிச் செருகுகிறோம் அல்லவா, அந்த உரசலிலேயே பாதிக் களிம்பு போய்விடும். ஒலி தெளிந்தது உண்மை, காரணம் அதுதான். செட்டை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் தொட்ட துணியால் எல்லா முனையையும் துடையுங்கள். ஸ்பீக்கர் ஒயரின் நுனியில் கறுத்த பாகத்தை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். இதைச் செய்து ஒரு வாரம் கேட்ட பிறகும் கேபிள் வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தோன்றினால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

செட்டில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத இரைச்சல். பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடும், ஹைஃபை ஆட்கள் எல்லாரும் செய்வதுதான் என்கிறார் ஒருவர். செய்து பார்த்தேன், போய்விட்டது.
– வாசகர், நாகர்கோவில்

இன்றைக்கே திரும்ப மாட்டுங்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் போய் மாட்டினாலும் சந்தோஷம்.

காகிதமும் மார்க்கரும் காசைத்தான் தின்னும். இது உயிரைத் தின்னும். உள்ளே ஒரு ஒயர் நழுவி இரும்புப் பெட்டியைத் தொட்டால், எர்த் இருக்கும் வரை மின்சாரம் அந்த வழியே ஓடி ஃபியூஸோ பிரேக்கரோ விழும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழுக்க 230 வோல்ட் உட்கார்ந்திருக்கும். அதை முதலில் தொடுகிறவர் பாட்டு கேட்காத, தூசி துடைக்க வந்த ஆளாகக்கூட இருக்கலாம்.

இரைச்சலின் காரணம் பெரும்பாலும் எர்த் இரண்டு வழியாக வருவது. கேபிள் டிவியின் வட்ட ஒயரை செட்-டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் ஆள் அதுதான். டிவி, கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து போகும் ஒரே பலகையில் மாட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஆடியோ ஒயருக்கு நடுவே போடும் சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள்.

ஜப்பானில் பாட்டு கேட்பதற்காகவே வீட்டுக்குத் தனி மின்கம்பம் நடுகிறார்களாமே, உண்மையா?
– வாசகர், மட்டக்களப்பு

உண்மை. 2016இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று இதைப் பற்றி விரிவாக எழுதியது. தனிக் கம்பம், அதன்மேல் அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அக்கம்பக்கத்து வீட்டு மின்சாரம் கலக்காது என்பது அவர்கள் வாதம். ஆனால் எந்த நல்ல ஆம்ப்ளிஃபயரும் வரும் மின்சாரத்தை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கி, டயோடில் திருப்பி, பெரிய கெப்பாசிட்டரில் நிரப்பி, நேர் மின்சாரமாக்கிய பிறகே பயன்படுத்துகிறது. தெருவில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் வையுங்கள். அது செட்டைக் காப்பாற்ற.

தாத்தாவின் ரெக்கார்டு பிளேயரில் தட்டு தாவுகிறது. ஊசிக்கு மேலே 25 பைசா நாணயம் வைத்தால் தாவாது, பாஸும் கூடுகிறது. வைத்தே கேட்கலாமா? பழைய கனமான தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

இரண்டுமே வேண்டாம். ஸ்பிரிட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது திரும்பக் கிடைக்காத நஷ்டம். 78 வேகத்தில் சுற்றும் கனமான தட்டுகள் அரக்கால் ஆனவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஒரு முறை துடைத்தால் பாட்டின் தடமே கரைந்து துணியோடு வந்துவிடும். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும், லேபிளில் ஈரம் படாமல் துடைத்து உடனே காய வையுங்கள்.

நாணயத்துக்கு வருவோம். நம் வீடுகளில் இது தலைமுறைப் பழக்கம். எஃகு 25 பைசா கிட்டத்தட்ட 3 கிராம். எல்பி என்னும் வினைல் தட்டுக்கான காந்த வகை ஊசி பெரும்பாலும் கேட்பது ஒன்றரை முதல் இரண்டரை கிராம் அழுத்தம். நாணயம் வைத்தால் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஊசி தடத்தின் சுவரை உழுதுகொண்டு போகும். தட்டு தாவுவது ஊசி தேய்ந்ததாலோ, கை ஆடும் மூட்டில் பழைய கிரீஸ் இறுகியதாலோ இருக்கும். நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து ஊசியைப் பாருங்கள். நுனியில் பஞ்சுபோல் தூசி சுற்றியிருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் இழுத்து எடுங்கள். நுனி மழுங்கியிருந்தால் புது ஊசிதான் வழி. தாத்தா சேர்த்த தட்டுகள் அவை, ஊசிக்குச் செலவு செய்யுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். குரல் கணகணவென்று எதிரொலிக்கிறது. மூலைகளில் ஒட்டும் ‘ஒலிக் கற்கள்’ எட்டு 6,000 ரூபாய் என்கிறார்கள். முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்கிறான் அறைத் தோழன்.
– வாசகர், ஆவடி

உங்கள் கடிதம்தான் இந்த மாதம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் நீங்கள் சொல்லும் கோளாறு நிஜமானது. கணகணப்பு அறையில் இருக்கிறது. கை தட்டிப் பாருங்கள், ‘ட்ரிங்’ என்று ஒரு வால் கேட்கும். நம் கான்கிரீட் வீடுகளில் ஒலியை உறிஞ்ச எதுவும் இல்லை.

கட்டைவிரல் அளவுக் கல் ஒலியை உறிஞ்ச முடியாது, அதற்கு வேண்டிய பரப்பும் மென்மையும் அதில் இல்லை. முட்டை அட்டையும் மெலிசு. மேல் சுருதிகளைக் கொஞ்சம் தின்னும், மற்றதை விட்டுவிடும். தீப்பிடித்தால் சுவர் முழுக்கப் பரவும். அதைக் கண்டிப்பாக ஒட்டாதீர்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறதா? பகலில் சுருட்டி வைக்காமல், நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பின்சுவரில் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுத் தரையில் தடியான ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை, மடிப்பு நிறைய விழும்படி. அப்புறம் கை தட்டுங்கள். அந்த வால் குறைந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்க யாருடைய சாட்சியும் வேண்டாம்.

பாஸ் வேறு கதை. 12 அடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் பக்கத்திலும், 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் அறை தானாகவே முழங்கும். ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் இன்னும் மோசம். இரண்டையும் மூலையிலிருந்து ஒன்றிரண்டு அடி வெளியே இழுத்து, நாற்காலியையும் பின்சுவரிலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். பாஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு பீரோ கதவில் உள்ளங்கையை வையுங்கள். அதிர்ந்தால் கதவிடுக்கில் துணியை மடித்துச் செருகுங்கள். இதற்கெல்லாம் செலவு திரைச்சீலை மட்டும்தான்.

இரண்டு ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பாடும்போது பாஸ் இருக்கிறது. சேர்ந்து பாடினால் காணோம். பாடகர் நடுவில் நிற்காமல் எங்கோ பரவி இருக்கிறார். மின்சாரத்தைச் சுத்தப்படுத்தும் பவர் கண்டிஷனர் வாங்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், மதுரை

வாங்காதீர்கள். ஒரு ஸ்பீக்கரில் ஒயர் மாறி மாட்டியிருக்கிறது. ஒன்றின் கோன், அதாவது ஒலி எழுப்பும் கூம்பு, முன்னால் வரும்போது மற்றதன் கோன் பின்னால் போகிறது, பாஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு இருக்கிறதா பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இப்படி என்றால் யாரோ ரிப்பேரில் உள்ளே மாற்றிச் சாலிடர் வைத்திருக்கலாம். ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து முழுக்கக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொடுங்கள். வூஃபர், அதாவது பாஸ் பாடும் பெரிய கோன், முன்னால் வர வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால், பின்னால் போவதன் ஒயரை மட்டும் மாற்றி மாட்டிவிட்டு அதே பாட்டை மறுபடி போடுங்கள்.